39 எறிதல்கள்: ஒரு குவார்ட்டர்பேக்கின் தடத்தில் ஒஹாயோ முதல் லூசியானா வரை

ஞாயிறு, தி பிளெயின்ஸ்

கொலம்பஸ் நகரிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 75 மைல் செல்லும் 33ஆம் எண் நெடுஞ்சாலையில், லங்காஸ்டர் வரை வயல்களும் தானியக் களஞ்சியங்களும் தட்டையாக விரிந்து கிடக்கின்றன; அதன்பின் நிலம் மடிப்பு மடிப்பாக எழுந்து, காடடர்ந்த குன்றுகளுக்கிடையே லோகன், நெல்சன்வில் என்ற சிறிய ஊர்களைக் காட்டிவிட்டு, ஆத்தன்ஸ் மாவட்டத்துக்குள் இறங்குகிறது. ஒஹாயோ மாநிலத்தின் அப்பலாச்சியப் பகுதி இது. மாவட்டத் தலைநகரான ஆத்தன்ஸில் 1804இல் நிறுவப்பட்ட ஒஹாயோ பல்கலைக்கழகம் இருக்கிறது. சில மைல் தள்ளி, தி பிளெயின்ஸ் என்னும் சிற்றூரில் ஆத்தன்ஸ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அப்பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு 2019 டிசம்பரில் அதன் முன்னாள் மாணவரான குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் பெயர் சூட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 23. இறந்தவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் வழங்கப்படும் மரியாதையை ஓர் இளைஞர் கல்லூரி ஆட்டக் காலம் முடியும் முன்பே பெற்ற கதையை, அது நடந்த ஊர்கள் வழியாகவே பின்தொடர்வதற்காக இந்தப் பயணம். வண்டி ஓட்டுபவன் கொலம்பஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். வழியை வகுத்தவனும் அவனே.

அமெரிக்கக் கால்பந்தை அறியாதவர்களுக்கு ஒரு பத்தி மட்டும். 100 யார்டு நீளக் களத்தில், பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் அது டச்டவுன். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. தன்னை வீழ்த்த ஓடிவரும் தடியர்களுக்கு நடுவே ஏறத்தாழ மூன்று நொடிகளுக்குள், எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். ஆகவே அணியில் எத்தனை திறமைசாலிகள் இருந்தாலும் களத்தில் குவார்ட்டர்பேக் ஒருவர்தான்; இரண்டாமவர் காத்திருக்க வேண்டும். பர்ரோவின் கல்லூரிக் காலத்தை விளக்கும் செய்தி இதுவே என்பது என் கருத்து. அவர் ஐந்து ஆண்டுகள் கல்லூரியில் இருந்தார். அவற்றுள் மூன்றைக் காத்திருப்பதில் கழித்தார்.

அவர் பிறந்தது அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில், 1996 டிசம்பர் 10 அன்று. தந்தை ஜிம்மி பர்ரோ ஒரு கால்பந்துப் பயிற்சியாளர். பயிற்சியாளர்களின் குடும்பங்கள் வேலை கிடைக்கும் ஊர்களுக்கெல்லாம் பெட்டி கட்டிப் போவது அந்நாட்டு வழக்கம். நெப்ராஸ்கா, வட டகோட்டா என்று அலைந்த பின், 2005இல் ஒஹாயோ பல்கலைக்கழக அணியின் தற்காப்புப் பொறுப்பை ஏற்று ஜிம்மி ஆத்தன்ஸுக்கு வந்தார். மகனுக்கு அப்போது எட்டு வயது. தாக்கும் அணியின் தலைவனாக வரவிருந்த சிறுவன் தடுக்கும் அணிக்குத் திட்டம் வகுப்பவரின் வீட்டில் வளர்ந்தான் என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். எதிரணி எப்படி யோசிக்கும் என்பது அவனுக்குச் சோற்றுத் தட்டருகிலேயே கிடைத்த பாடம்.

ஆத்தன்ஸ் பள்ளி அணி அதுவரை மாநிலச் சுற்றுப் போட்டிகளில் ஒரு வெற்றியையும் கண்டதில்லை. பர்ரோ விளையாடிய மூன்று ஆண்டுகளும் அது அச்சுற்றுக்குத் தகுதி பெற்று, ஏழு போட்டிகளில் வென்றது. பள்ளிக் காலத்தில் அவர் எறிந்து சேர்த்தவை 11,416 யார்டுகள், 157 டச்டவுன்கள். 2014இல் ஒஹாயோவின் சிறந்த பள்ளி ஆட்டக்காரராகத் தேர்வானார். கூடைப்பந்திலும் மாநில அளவில் பெயர் பெற்றவர்.

மைதானத்தைப் பார்த்த பிறகு ஊரைச் சுற்றினோம். வீடுகளுக்கு நடுவே அடீனா மக்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய மண்மேடுகள் புல் மூடி நிற்கின்றன. வெகு அருகில் இருக்கும் மில்ஃபீல்டின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1930 நவம்பர் 5 அன்று நிகழ்ந்த வெடிப்பில் 82 பேர் இறந்தனர். சுரங்கத் தொழில் ஓய்ந்த பின் அதற்கு ஈடான வேலை இப்பகுதிக்கு வந்து சேரவில்லை. பல்கலைக்கழக நகரின் செங்கல் பாவிய தெருக்களைக் கடந்து ஐந்து மைல் போனால் அது கண்ணுக்குத் தெரிகிறது.

2019 டிசம்பர் 14 அன்று, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை நியூயார்க்கில் பெற்றபோது, பர்ரோ இதைத்தான் பேசினார். தன் மாவட்டத்தின் வறுமை நாட்டின் சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்றும், பள்ளி விட்டு வீடு திரும்பும்போது உண்பதற்குப் போதிய உணவில்லாத பிள்ளைகளுக்காகவே தான் அந்த மேடையில் நிற்பதாகவும் அழுகையை அடக்க முடியாமல் கூறினார். பேச்சைக் கேட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் மாவட்டத்தின் இலவச உணவு வழங்கும் நிலையத்துக்காக 1,000 டாலர் இலக்கு வைத்து இணையத்தில் நிதி திரட்டத் தொடங்க, அது சில நாள்களில் 5 லட்சம் டாலரையும் தாண்டியது. வெற்றி மேடைகளில் கடவுளுக்கும் பெற்றோருக்கும் நன்றி சொல்லும் உரைகள் ஆயிரம் கேட்டாகிவிட்டது; ஒரு மாவட்டத்தின் அடுப்படியைப் பற்றிப் பேசிய உரை வேறொன்றை நான் கேட்டதில்லை.

திங்கள், கொலம்பஸ்

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைதானம் 1922இல் திறக்கப்பட்டது. குதிரை லாட வடிவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இருக்கைகள். மே மாதப் பட்டமளிப்பு விழாவும் இங்கேதான் நடக்கிறது. நாங்கள் போனபோது வளாகமெங்கும் அங்கி அணிந்த மாணவர்கள் தாத்தா பாட்டிகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். பர்ரோவின் கதையில் மைதானத்தைவிடப் பட்டமளிப்பு அங்கிக்கே பெரிய பங்கு என்பதால், வந்த காலம் பொருத்தமானது என்று மகிழ்ந்துகொண்டேன்.

இந்த மைதானத்தில் அவர் முதலில் ஆடிய முக்கியமான ஆட்டம் பள்ளி மாணவராக. 2014 டிசம்பரில் மாநில இறுதிப் போட்டி இங்கு நடந்தது. ஆறு டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தும், டொலீடோ சென்ட்ரல் கத்தோலிக் பள்ளியிடம் ஆத்தன்ஸ் 56-52 என்று தோற்றது. அடுத்த மாதமே, 2015 ஜனவரியில், அவர் இதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தந்தையும் இரு அண்ணன்களும் நெப்ராஸ்காவுக்கு ஆடியவர்கள். கடைக்குட்டியை நெப்ராஸ்கா அழைக்கவில்லை.

அவர் சேர்ந்த அதே ஜனவரியில் ஒஹாயோ ஸ்டேட் தேசியக் கோப்பையை வென்றது. அதுவும் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்கான கார்டேல் ஜோன்ஸை வைத்து, முதலிருவரும் காயமடைந்திருந்தனர். ஜோன்ஸும், காயமடைந்தவர்களில் ஒருவரான ஜே.டி. பாரெட்டும் அடுத்த பருவத்திலும் அணியில் இருந்தனர். தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயரின் காலத்து வழக்கப்படி, புதிதாகச் சேரும் ஆட்டக்காரரின் ஹெல்மெட்டில் கறுப்புப் பட்டை ஒன்று ஒட்டப்படும். அணியில் ஓர் உறுப்பினர் என்று சொல்லத்தக்க அளவு உழைத்துக் காட்டிய பிறகே அது நீக்கப்படும். பட்டை நீங்கினாலும் களத்தில் இடம் கிடைத்துவிடாது. அன்றைய கல்லூரி விதிகளின்படி ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். பர்ரோவின் முதல் ஆண்டை ஆடாமல் சேமித்து வைக்கும் ஆண்டாகப் பயிற்சியாளர்கள் ஒதுக்கினர். 2016இலும் 2017இலும் பாரெட்டின் ஆட்சி. முடிவு தெரிந்துவிட்ட போட்டிகளின் கடைசி நிமிடங்களில் மட்டும் பர்ரோ இறக்கப்பட்டார்.

2017 ஆகஸ்ட்டில் பயிற்சியின்போது அவருடைய எறியும் கையின் எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் இரண்டாமிடம் டுவெய்ன் ஹாஸ்கின்ஸுக்குப் போயிற்று. நவம்பரில் பரம எதிரியான மிச்சிகனுடன் அவர்களின் ஊரிலேயே நடந்த போட்டியில் பாரெட் காயத்துடன் வெளியேற, களத்தில் இறங்கி 31-20 என்று வெற்றியை முடித்துக் கொடுத்தவர் ஹாஸ்கின்ஸ். பர்ரோவின் கை முறியாதிருந்தால் அந்த அழைப்பு யாருக்குப் போயிருக்கும் என்று என் அக்கா மகன் மூன்று சிக்னல்கள் வரை வாதாடினான். பாரெட் விடைபெற்ற பின், 2018 வசந்தகாலப் பயிற்சியின் முடிவிலும் மேயர் முதலிடத்துக்கு யார் பெயரையும் அறிவிக்கவில்லை. அறிவிக்காததையே பர்ரோ அறிவிப்பாக எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் அங்கி வருகிறது. அன்றைய விதிப்படி, பட்டம் பெறாத மாணவர் ஒரு முதல்நிலைக் கால்பந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், பொதுவாக ஒரு பருவம் ஆடாமல் உட்கார வேண்டும். பட்டம் பெற்றவருக்கு அத்தடை இல்லை. நுகர்வோர், குடும்ப நிதிச் சேவை பற்றிய பட்டப்படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்துவிட்டிருந்த பர்ரோவுக்கு ஆடுவதற்கு இன்னும் இரண்டு முழுப் பருவங்கள் மீதமிருந்தன. 2018 மே மாதம் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறினார். மூன்று பருவங்களில் அவர் எறிந்தவை 39. அவற்றுள் தோழர் கையில் சேர்ந்தவை 29. ஈட்டியது 287 யார்டுகள், இரண்டு டச்டவுன்கள்.

கொலம்பஸ்காரர்களைக் கையில் இருந்த வைரத்தை வீசிவிட்டவர்கள் என்று கேலி செய்வது இணையத்தில் வழக்கமாகிவிட்டது. இது நியாயமல்ல. மேயர் தேர்ந்தெடுத்த ஹாஸ்கின்ஸ் 2018இல் 50 டச்டவுன்களுக்கு எறிந்து ஹைஸ்மன் வாக்கெடுப்பில் மூன்றாமிடம் பெற்றார். எந்தப் பயிற்சியாளரும் அந்தத் தேர்வுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த ஹாஸ்கின்ஸ் 2022 ஏப்ரலில், 24 வயதில், ஃபுளோரிடாவின் நெடுஞ்சாலை ஒன்றில் வாகனம் மோதி இறந்துபோனார் என்பதையும் இந்தக் கேலியர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

2021 முதல் விதி தளர்ந்து, பட்டம் பெறாதவர்களும் தடையின்றி மாறலாம் என்றாயிற்று. “இப்போது இருந்திருந்தால் முதல் வருடமே போயிருப்பார் சித்தி,” என்றான் பையன். இருக்கலாம். ஆனால் பத்தொன்பது வயதில் மாறியிருந்தால், எங்கோ ஒரு நடுத்தர அணியில் பக்குவமடையாத ஆட்டக்காரராகவே அவர் கரைந்துபோயிருக்கவும் கூடும். இந்தப் பயணத்தில் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும் எண்ணம் அது: கொலம்பஸின் மூன்று ஆண்டுகளை வீணான ஆண்டுகள் என்று எழுதுகிறவர்கள், எறிந்ததை மட்டும் எண்ணுகிறார்கள், தினமும் மாலையில் நாட்டின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களை எதிர்த்துப் பயிற்சி செய்ததை எண்ணுவதில்லை.

செவ்வாய், சாலையில்

நாள் முழுவதும் வண்டிதான். சின்சினாட்டியில் ஒஹாயோ ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் முன் ஆற்றங்கரையில் பெங்கால்ஸ் அணியின் மைதானம் தெரிந்தது. 2020 ஏப்ரலில் தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயராக பர்ரோவை அழைத்தது இந்த அணி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், கொலம்பஸை விட்டு வெளியேறிய சமயத்தில், இதே ஊரின் பல்கலைக்கழகத்தையும் அவர் பரிசீலித்திருந்தார். வீட்டுக்குப் பக்கம், பழக்கமான பயிற்சியாளர். ஆனால் லூசியானாவைத் தேர்ந்தெடுத்தார்.

கென்டக்கியில் 65ஆம் எண் நெடுஞ்சாலையில் பௌலிங் கிரீன் என்ற ஊரைக் கடந்தோம். இங்குள்ள வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பெய்லி ஸாப்பி 2021இல் 62 டச்டவுன்களுக்கு எறிந்தார். பர்ரோ 2019இல் நிறுவிய 60 என்ற சாதனை இரண்டே ஆண்டுகளில் இந்த ஊரில் முறிந்தது. ஸாப்பியும் வேறொரு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்தான். நாஷ்வில்லில் இரவு தங்கல்; விடுதி அறையில் குளிரூட்டி வேலை செய்யவில்லை என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

புதன், டஸ்கலூசா (அலபாமா)

அலபாமா பல்கலைக்கழகத்தின் பிரையன்ட்-டென்னி மைதானத்துக்கு முன்னே, தேசியக் கோப்பை வென்று தந்த பயிற்சியாளர்களின் வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. கடைசியாக நிற்பவர் நிக் சேபன். அவர் அலபாமாவுக்கு வருமுன் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின், அதாவது எல்.எஸ்.யு.வின், பயிற்சியாளராக இருந்து 2003ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர்களுக்கும் கோப்பை வென்று கொடுத்தவர். பழைய பயிற்சியாளர் எதிரியின் முகாமில் அமர்ந்து ஆண்டுதோறும் அடித்தது எல்.எஸ்.யு.காரர்களுக்கு எத்தகைய எரிச்சலாக இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2011 நவம்பரில் இதே களத்தில் எல்.எஸ்.யு. 9-6 என்று வென்றது. இரு அணியும் ஒரு டச்டவுன்கூட அடிக்காத போட்டி அது. அதன்பின் அலபாமாவிடம் தொடர்ந்து எட்டுத் தோல்விகள். எட்டாவது, 2018இல் பர்ரோ குவார்ட்டர்பேக்காக இருந்தபோது, சொந்த ஊரில் 29-0.

2019 நவம்பர் 9 அன்று அவர் இங்கு வந்தபோது இரு அணிகளும் தோல்வியே காணாதவை. இடைவேளையின்போது எல்.எஸ்.யு. 33-13 என்று முன்னிலையில் இருந்தது. ஒரு லட்சம் பேர் கூடியிருந்த மைதானத்தில் அப்படியோர் எண்ணிக்கையை சேபனின் அணிக்கு எதிராகப் பலகையில் காண்பது அரிது. இரண்டாம் பாதியில் அலபாமா துரத்தியது. அவர்களின் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா 418 யார்டுகளுக்கு எறிந்தார். ஒவ்வொரு முறை அவர்கள் நெருங்கும்போதும் பர்ரோ பதில் வைத்திருந்தார்: எறிந்தவை 393 யார்டுகள், மூன்று டச்டவுன்கள், எறிய வழியில்லாதபோது காலால் ஓடி முக்கியமான யார்டுகளைச் சேர்த்தார். முடிவு 46-41. தோழர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினர்.

இந்தப் போட்டியின் முழுப் பதிவையும் நேற்றிரவு விடுதியில் மீண்டும் பார்த்தேன். அவருடைய கை வலிமை சராசரிக்குச் சற்றே மேல். இதைவிட வேகமாக எறிபவர்கள் அப்பருவத்தில் பலர் இருந்தனர். ஆனால் பந்து கைக்கு வருமுன் தலையைத் திருப்பி எதிரணியின் கடைவரிசையைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில், யார் எங்கே நகரப் போகிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார்; அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்த முடிவை நிறைவேற்றுவதுதான்.

வியாழன், மிஸிஸிப்பி வழியே பேட்டன் ரூஜ்

மெரிடியன், ஹாட்டிஸ்பர்க் வழியாகப் பைன் காடுகளுக்கு நடுவே தெற்கு நோக்கிய நீண்ட பாதை. ஜிம்மி பர்ரோ இம்மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள ஏமரி என்னும் ஊரில் வளர்ந்தவர். ஜோவின் பாட்டி 1940களில் மிஸிஸிப்பியில் ஒரு பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியில் தனி ஒருவராக 82 புள்ளிகள் எடுத்தவர். பேரனின் விளையாட்டுத் திறமை யார் வழி என்பதை ஆண்கள் எழுதும் கட்டுரைகள் தந்தையோடு நிறுத்திவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மாலையில் பேட்டன் ரூஜ். காற்றில் ஈரம் கனக்கிறது. நன்னீர் இறாலின் பருவம் என்பதால், மிளகாயும் சோளக் கதிரும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த கிராஃபிஷைத் தட்டு நிறையக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஓட்டை உடைத்து உண்ணும் இந்த வேலை நம்மவர்களுக்குப் புதிதல்ல. அணியைப் பார்க்க முதன்முறை இந்த ஊருக்கு வந்தபோது பர்ரோவையும் கிராஃபிஷ் விருந்துக்குத்தான் அழைத்துப் போனார்கள். தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரான் லூசியானாவின் தென்கோடியில், நீர்வழிகள் பின்னிய லாரோஸ் என்னும் ஊரில் பிறந்த கேஜன், அதாவது இம்மாநிலத்தின் பிரெஞ்சு வழி மக்களில் ஒருவர். கரகரத்த குரலும் மண்ணின் உச்சரிப்புமாக, இம்மாநிலத்தவர் தம் வீட்டுப் பெரியவராகவே கருதிய மனிதர். வடக்கிலிருந்து வந்த, கல்லூரி அளவில் ஒரு போட்டியைக்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடியிராத 21 வயதுக்காரரை நம்பி அணியைக் கொடுத்தார்.

2018ஆம் ஆண்டை வரலாறு எழுதுபவர்கள் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். 16 டச்டவுன்கள், 5 இடைமறிப்புகள் (எறிந்த பந்து எதிரணியிடம் சிக்குவது), 2,894 யார்டுகள்: ஒழுங்கான, எவரும் நினைவில் வைக்கத் தேவையற்ற எண்கள். அணி 10 வென்று 3 தோற்றது. டெக்ஸஸ் ஏ அண்டு எம் அணியுடன் ஏழு கூடுதல் சுற்றுகள் வரை நீண்டு 74-72 என்று தோற்ற போட்டியும் அவற்றுள் ஒன்று. ஆனால் 2019 ஜனவரி 1 அன்று ஃபியெஸ்டா பௌல் போட்டியில், எறிந்த பந்து எதிரியிடம் சிக்கி அவர் திருப்பி ஓட, துரத்தச் சென்ற பர்ரோவை ஒரு பெருத்த தற்காப்பாட்டக்காரர் எதிர்பாராமல் இடித்துச் சாய்த்தார். பார்ப்பவருக்கே வலிக்கும் இடி. எழுந்து வந்து நான்கு டச்டவுன்களுக்கு எறிந்து, 40-32 என்று சென்ட்ரல் ஃபுளோரிடாவை வென்றார். அணியினர் அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்ட நாள் அது என்று பலர் சொல்வதை நம்புகிறேன்.

வெள்ளி, பேட்டன் ரூஜ்

காலையிலேயே வளாகத்துக்குப் போய்விட்டோம். மிஸிஸிப்பி ஆற்றின் கரையணைக்குச் சற்றுத் தள்ளி, பெரும் ஓக் மரங்களுக்கு நடுவே டைகர் ஸ்டேடியம் நிற்கிறது. எதிரே உயிருள்ள புலி ஒன்று விசாலமான அடைப்புக்குள் வெயிலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது. வளாகத்தின் இன்னொரு பக்கம், தி பிளெயின்ஸில் பார்த்தவற்றைவிட மிகப் பழைமையான, ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இரண்டு மண்மேடுகள் உள்ளன. மைதானத்தில் ஒரு லட்சத்து இரண்டாயிரம் பேர் அமரலாம். போட்டிகள் பெரும்பாலும் இரவில். 1959இல் பில்லி கேனன் ஓர் இரவுப் போட்டியில் 89 யார்டு ஓடி மிஸிஸிப்பி அணியை 7-3 என்று வீழ்த்திய நினைவை இவ்வூர் இன்னும் கொண்டாடுகிறது. அவ்வாண்டு ஹைஸ்மன் பெற்ற கேனனுக்கு அடுத்து எல்.எஸ்.யு.வுக்கு அக்கோப்பையைக் கொண்டுவர 60 ஆண்டுகள் கழித்து பர்ரோ வர வேண்டியிருந்தது.

2019இல் மாறியது என்ன? எல்.எஸ்.யு. அதுவரை தரையில் ஓடி, எதிரியை நசுக்கி வெல்லும் பழைய பாணி அணி. அவ்வாண்டு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் தொழில்முறை அணியின் இளம் உதவியாளரான ஜோ பிரேடியை, அவருக்கு 30 வயதுகூட நிரம்பாத நிலையில், எறியாட்டத்தைத் திட்டமிட ஓர்ஜெரான் அழைத்து வந்தார். ஒவ்வொரு வாய்ப்பிலும் எந்த ஆட்டமுறை என்று முடிவு செய்து களத்துக்குச் சொன்னவர் மூத்தவரான ஸ்டீவ் என்ஸ்மிங்கர். ஐந்து பேரையும் பந்து வாங்க அனுப்பிவிட்டு, ஓடுபவர் எவரும் பக்கத்தில் இல்லாமல் குவார்ட்டர்பேக்கைத் தனியே நிறுத்தும் முறையை அவர்கள் தாராளமாகப் பயன்படுத்தினர். இதில் காவலுக்கு ஐவர் மட்டுமே. ஆறாவதாக ஓர் எதிரி பாய்ந்தால் தடுக்க ஆளில்லை. ஆகவே எதிரணியின் நோக்கத்தைப் பந்து கைக்கு வருமுன்னே படித்துவிடுபவருக்கே இம்முறை பயன்படும். படிக்கத் தெரியாதவரை இது மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். தற்காப்புப் பயிற்சியாளரின் மகனுக்கு, கொலம்பஸில் மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

பந்து வாங்கியவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். ஜமார் சேஸ் 20 டச்டவுன்கள், ஜஸ்டின் ஜெஃபர்சன் 18. இருவரும் இம்மாநிலத்துப் பிள்ளைகள். செப்டம்பரில் ஆஸ்டினில் டெக்ஸஸ் அணி நெருங்கி வந்த வேளையில், மூன்றாம் வாய்ப்பில் இன்னும் 17 யார்டு தேவை என்ற இக்கட்டில், தன்னை நோக்கிப் பாய்ந்தவர்களிடமிருந்து ஓரடி விலகி ஜெஃபர்சனுக்கு பர்ரோ எறிந்த பந்து 61 யார்டு டச்டவுனாயிற்று, 45-38. பழைய எல்.எஸ்.யு. அந்தக் கட்டத்தில் ஓடிப் பார்த்துவிட்டுப் பந்தை உதைத்திருக்கும்.

நவம்பர் 30 அன்று, இறுதியாண்டு மாணவர்கள் விடைபெறும் இரவில், லூசியானாவின் பிரெஞ்சு எழுத்துமுறையில் தன் குடும்பப் பெயரைப் பொறித்த சட்டையுடன் அவர் களத்துக்குள் ஓடிவந்தார். சென்ற ஆண்டு ஏழு கூடுதல் சுற்றுகள் வரை இழுத்தடித்த டெக்ஸஸ் ஏ அண்டு எம் அன்றிரவு 50-7 என்று தோற்றது. ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாமவரைவிட 1,846 புள்ளிகள் அதிகம் பெற்றார். அவ்வளவு இடைவெளி அதற்குமுன் எவருக்கும் கிடைத்ததில்லை. கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்ட 2021 ஜூலை வரை அனுமதி இல்லை. இந்த ஊரில் யார் யாரோ அவர் பெயரில் பிழைத்த அந்த ஆண்டில், பெயருக்கு உரியவருக்குக் கிடைத்தது கல்வி உதவித்தொகை. ஓர்ஜெரானின் சம்பளமோ பல லட்சம் டாலர். இந்த ஏற்பாட்டை “மாணவத் தூய்மை” என்று இவ்வளவு காலம் எவ்வாறு அழைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

டிசம்பர் 28 அன்று அட்லான்டாவில் நடந்த அரையிறுதியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன்களுக்கு எறிந்தார், முடிவு 63-28. அன்று காலை என்ஸ்மிங்கரின் மருமகள், போட்டியைக் காண லஃபாயெட்டிலிருந்து புறப்பட்ட சிறு விமானம் விழுந்து இறந்திருந்தார். செய்தி தெரிந்தும் என்ஸ்மிங்கர் மேலடுக்கு அறையில் அமர்ந்து ஆட்டமுறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் போட்டியின் பதிவை இனி மறுபடியும் பார்க்க எனக்கு மனமில்லை.

சனி, நியூ ஆர்லியன்ஸ்

ஆற்றையும் சதுப்பையும் ஒட்டி 10ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 மைல். போனே காரே வடிகாலின் மேல் தூண்களில் நீளும் பாலத்தைக் கடந்ததும் சற்று நேரத்தில் நகரம். 1975இல் திறக்கப்பட்ட சூப்பர்டோம் நகர மையத்திலேயே இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் காத்ரீனா புயலில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்த அதே கூரை.

2020 ஜனவரி 13 அன்று தேசிய இறுதிப் போட்டி இங்கே நடந்தது. எதிரணியான கிளெம்சன் அதுவரை தொடர்ந்து 29 போட்டிகளில் வென்றிருந்தது. அவர்களின் தற்காப்பு தொடக்கத்தில் மாறி மாறி வேடமிட்டு பர்ரோவையும் குழப்பியது. இரண்டாம் கால்பகுதியில் எல்.எஸ்.யு. 17-7 என்று பின்தங்கியது. அப்பருவம் முழுவதிலும் அவர்கள் இவ்வளவு பின்தங்கியது இல்லை. வேடங்களுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுகொள்ள அவருக்கு ஒரு கால்பகுதி தேவைப்பட்டது. பிறகு சேஸைத் தனியாகக் காவல் செய்தவர் மீதே மீண்டும் மீண்டும் பந்தை உயர்த்தி எறிந்தார். சேஸ் அன்று ஒன்பது முறை வாங்கி 221 யார்டு சேர்த்தார். இடைவேளைக்குச் சற்று முன் எறியும் கணத்தில் விலாவில் பலத்த அடி. பந்து டச்டவுனாகிவிட்டது, அவர் பிடித்துக்கொண்டே ஓய்வறைக்குப் போனார். முடிவில் 42-25. ஐந்து டச்டவுன்களுக்கு எறிந்தார், ஒன்றை ஓடியே எடுத்தார், 463 யார்டுகள். ஓய்வறையில் சுருட்டைப் பற்றவைத்து அவர் அமர்ந்திருக்கும் படத்தை இந்த நகரின் மதுக்கூடங்களில் இன்றும் காணலாம்.

அப்பருவத்தில் 15 போட்டிகள், 15 வெற்றிகள். எறிந்தவை 527; தோழர் கையில் சேர்ந்தவை 402; 5,671 யார்டுகள், 60 டச்டவுன்கள், 6 இடைமறிப்புகள். கொலம்பஸின் 39 எறிதல்களை இங்கே அவர் ஒரே போட்டியில் தொட்டுவிடுவார். ஜிம்மி பர்ரோ மகனின் கடைசிப் பருவத்தை நேரில் காண்பதற்காகவே 2018 முடிந்ததும் பணி ஓய்வு பெற்று, போட்டிக்குப் போட்டி பயணித்தார்.

அணி அதற்குப்பின் கலைந்த வேகம் வியப்பானது. பிரேடி சில நாள்களிலேயே தொழில்முறை அணி ஒன்றுக்குப் போனார். ஏப்ரலில் 14 பேர் தொழில்முறை அணிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மிச்சமிருந்த எல்.எஸ்.யு. 2020இல் ஐந்து வென்று ஐந்து தோற்றது. 2021 பருவத்தோடு ஓர்ஜெரானின் பொறுப்பும் முடிந்தது. அந்த அணியை வெறும் பர்ரோவின் அணி என்று சொல்வது மிகையென்றால், பர்ரோ இல்லாமலும் அது அப்படியே இருந்திருக்கும் என்பது அதைவிடப் பெரிய மிகை.

2022 அக்டோபரில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியுடன் பர்ரோ இந்த மைதானத்துக்குத் திரும்பி வந்தார். அன்று அவர் உள்ளே நுழைந்தபோது அணிந்திருந்தது சேஸின் பழைய எல்.எஸ்.யு. சட்டை, அதற்குள் சேஸும் அதே தொழில்முறை அணியில் சேர்ந்துவிட்டிருந்தார். கடைசி இரண்டு நிமிடங்களில் பின்தங்கியிருந்த அணிக்கு, பர்ரோ எறிந்து சேஸ் வாங்கி ஓடிய 60 யார்டு டச்டவுன் 30-26 என்ற வெற்றியைத் தந்தது.